ஒன்பது நாள் டோக்கன்

என் அண்ணிக்கு ஒரு பழக்கம். யார் வந்தாலும், எதற்கு வந்தாலும், முதல் வார்த்தை "உட்காருங்க" என்பதுதான். மின்சார மீட்டர் பார்க்க வந்த மனிதரையே உட்கார வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, எப்படி எழுந்து போவது என்று தெரியாமல் அவர் விழித்ததை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். பத்தொன்பது வருஷமாக ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் இருந்தவள். வீங்கின கன்னத்தோடு வருகிறவனைச் சிரிக்க வைத்து உள்ளே அனுப்புவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அப்படிப்பட்டவள்தான் என் அண்ணன் செய்த வீடியோ கேமுக்கு ஒரு வருஷம் சமூக ஊடகத்தில் விளம்பர வேலை பார்த்தாள். சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

ஏழு வருஷம் ஆகிறது. நாங்கள் மூன்று பேரும் கூடிக் கும்மாளம் போட்ட அந்த முன்னறையில் இப்போது யாரோ குடியிருக்கிறார்கள். அந்தத் தெரு வழியாகப் போனால் இரண்டாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை. திரைச்சீலையை மாற்றிவிட்டார்கள். கண்றாவியான ஊதா நிறம். எனக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று எனக்கே புரிவதில்லை.

அண்ணனைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். நல்ல சம்பளத்தில் ஒரு அலுவலகத்தில் கணினி வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே முகம் வாடிவிடும், மறுநாள் வேலைக்குப் போக வேண்டுமே என்று. ஒருநாள் அதை விட்டுவிட்டு, சொந்தமாகக் கேம் செய்யப்போகிறேன் என்று உள்ளறையில் போய் உட்கார்ந்தான். முதல் கேமுக்கு இரண்டரை வருஷம் ஆனது. முடித்ததும் ஒருவரிடமும் மூச்சு விடாமல் இணையத்தில் வெளியிட்டான். நல்ல சரக்கு என்றால் தானாகத் தேடி வருவார்களாம்! முதல் நாள் பதினோரு பேர் வாங்கினார்கள். அதில் மூன்று பேர் எங்கள் வீட்டார்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் அவன் பேசவில்லை. கோபம் எல்லாம் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவான், சாப்பிடுவான், எழுந்து போவான். அண்ணி என்னிடம் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள், "அவர் திட்டினாக்கூடத் தேவலைன்னு இருக்குடி." நான் அன்றுதான் முதல்முறையாக அவள் குரல் உடைந்து கேட்டேன்.

இரண்டாவது கேம் லிஃப்டைப் பற்றியது. பன்னிரண்டு மாடிக் கட்டடம். விளையாடுகிறவர்தான் லிஃப்ட் இயக்குபவர். ஆட்கள் ஏறுவார்கள், ஒரு வார்த்தை இரண்டு வார்த்தை பேசுவார்கள், இறங்கிப் போவார்கள். அந்தத் துண்டுப் பேச்சுகளைக் கோத்துப் பார்த்தால் அந்தக் கட்டடத்து வாழ்க்கை முழுவதும் தெரியும். முகங்களை நான் வரைந்தேன். பாடப் புத்தகத்துக்கு அமீபாவும் எரிமலையும் வரைந்து பிழைக்கிறவளுக்கு மனித முகம் வரையக் கிடைத்தால் விடுவேனா? மத்தியானம் சாப்பிட்ட கையோடு இரண்டு தெரு தாண்டி ஓடி வந்துவிடுவேன்.

கேம் பாதி முடிந்திருந்தபோது வேறு ஊரில் ஒரு பெரிய கம்பெனி, எப்போது வந்து சேர்ந்தாலும் சரி என்று, அண்ணனை வேலைக்குக் கூப்பிட்டது. அன்று சாப்பாட்டு மேசையில் அவன் ஒரு முடிவைச் சொன்னான்.

"கேம் விக்கிற கடைல, முதல் சில மணி நேரத்துல நிறையப் பேர் வாங்கினா கடைக்காரனே முதல் பக்கத்துல எடுத்து வைப்பான். அங்க வந்துட்டா பொழச்சுக்கலாம். வெளியிடுற அன்னைக்கு முதல் பக்கத்துல வந்துச்சுன்னா இதுதான் என் தொழில். வரலைன்னா அடுத்த ஒண்ணாந்தேதி அங்க போய்ச் சேர்ந்துடுவேன். இதுக்கு மேல உங்களையெல்லாம் படுத்த மாட்டேன்."

அவன் சொன்னால் சொன்னதுதான். அதுதான் அவனிடம் பெரிய தொல்லையே. அண்ணி மறுநாள் மத்தியானம் கிளினிக்கிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் கேட்டாள், "அந்த விளம்பரக் கணக்கோட பாஸ்வேர்டு என்னங்க?"

அதுவரை அண்ணன்தான் அந்தக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தான். என்ன எழுதுவான் தெரியுமா? "கதவின் நிழல் விழும் கோணத்தைத் திருத்தினேன்." நாலு லைக். அதில் ஒன்று நான், ஒன்று அண்ணி, மூன்றாவது அவனே. நாலாவது ஆள் யார் என்று இன்றுவரை தெரியவில்லை, பாவம் கை தவறி அழுத்தியிருக்கலாம்.

அண்ணி வந்ததும் முதல் காரியமாக அவனை வெளியேற்றினாள். "நீங்க உள்ள வேலையப் பாருங்க. டாக்டர் அடிக்கடி ஹாலுக்கு வந்து எட்டிப் பார்த்தா நல்லாயிருக்காது. எத்தனை லைக், எத்தனை பேர், எதுவும் கேக்கக் கூடாது." அவனும் தப்பித்தோம் பிழைத்தோம் என்று உள்ளே போய்விட்டான்.

தினமும் காலை எட்டு பத்துக்கு, கிளினிக்குக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு துண்டு வீடியோ போடுவாள். பத்து வினாடிதான். ஒரு ஆள் லிஃப்டில் ஏறுவார், கதவு மூடும், அவ்வளவே. கூடவே இரண்டு வரி. "இவர் ஏழாம் மாடி. தினமும் நாலாம் மாடியில் இறங்கிவிட்டு மீதியைப் படியேறிப் போகிறார். ஏன் என்று கேட்காதீர்கள்." கேட்காதீர்கள் என்றால் சும்மா இருப்பார்களா ஜனங்கள்? சாயங்காலத்துக்குள் இருநூறு பேர் ஆளுக்கொரு காரணம் எழுதியிருந்தார்கள். டாக்டர் மூட்டு வலிக்கு நடக்கச் சொல்லியிருப்பார் என்றார் ஒருவர். நாலாம் மாடியில் பழைய காதலி என்றார் இன்னொருவர்.

அத்தனை பேருக்கும் அண்ணி பதில் போட்டாள். அதுவும் சும்மா ஒரு சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டு நகர்கிற பதில் இல்லை. பல் பிடுங்கினவருக்கு இரண்டாம் நாள் போன் போட்டு "வலி எப்படி இருக்கு?" என்று கேட்பது கிளினிக் வழக்கம். அதையே இங்கேயும் செய்தாள். பரீட்சை எழுதப்போகிறேன் என்று பேச்சுவாக்கில் சொன்ன பெண்ணுக்குப் பத்து நாள் கழித்து "எப்படிப் போச்சு?" என்று எழுதினாள். ஒரு லாரி ஓட்டுநர், ஒரு நர்ஸ், வேலை தேடிக்கொண்டிருந்த இரட்டையர் இருவர், எல்லோரும் அவளுக்குச் சொந்தபந்தம் மாதிரி ஆகிவிட்டார்கள். பல லட்சம் பேருக்குக் கேம் விளையாடிக் காட்டுகிற பிரபலம் ஒருவருக்கு மட்டும் பதினாலு தடவை எழுதினாள். பதினைந்தாவது தடவை "பார்க்கிறேன்" என்று பதில் வந்தது.

"பார்க்கிறேன்னா பார்க்க மாட்டேன்னு அர்த்தம். எத்தனை பேரைப் பார்த்திருக்கேன், பல்லைப் பிடுங்க வர்றேன்னு சொல்லிட்டு வராதவங்க" என்றாள் அண்ணி.

நாத்தனாரும் அண்ணியும் ஒரே மேசையில் ஒரு வருஷம் உட்கார்ந்தால் சண்டை வராமல் இருக்குமா? வந்தது. நான் வரைந்த முகத்துக்குக் காது பெரிது என்பாள். உங்க கண்ணு சின்னது என்பேன். இருவரும் ஒரு மணி நேரம் பேசாமல் இருப்போம். பிறகு யாராவது ஒரு கமெண்டைப் படித்துச் சிரிக்க, மற்றவள் எட்டிப் பார்க்க, அதோடு சரி. உள்ளறையிலிருந்து அண்ணன் "என்ன சிரிப்பு?" என்று குரல் கொடுப்பான். "உங்களுக்கு இல்லை" என்போம். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை பார்த்ததே இல்லை, இனியும் பார்க்கப்போவதில்லை.

வெளியீட்டுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மூன்று மணிக்கு, முதல் இரண்டு மாடியை மட்டும் இலவசமாகத் திறந்துவிட்டோம். அண்ணியின் ஆட்கள் மூன்று மணி அடித்ததும் ஒட்டுமொத்தமாக வந்து குதித்தார்கள். பதிவு செய்வதற்கு அண்ணன் எழுதியிருந்த படிவம் மூச்சுத் திணறிப் படுத்துவிட்டது. சிலர் திட்டினார்கள். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தான்.

"எல்லாரும் ஒரே நேரத்துல வந்து விழுந்தா எப்படித் தாங்கும்?"

இவ்வளவுதான் சொன்னான். அந்தப் படிவத்தை மறுநாளே அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டான். கடையில் வெளியிடும்போது அந்தப் படிவமே தேவைப்படாது. அதை எங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அந்த மகானுக்குத் தோன்றவில்லை.

ஆனால் அண்ணி அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரம் கழித்து, "சின்னவளே, எனக்கு ஒரு டோக்கன் வரைஞ்சு கொடேன்" என்றாள். நான்தான் சின்னவள். லிஃப்ட் கதவு பாதி திறந்திருப்பதுபோல் அழகாக வரைந்தேன். கதவுக்குள் எண், நாள், நேரம் என்று மூன்று கோடு. எண்ணும் நேரமும் ஒரு வேடிக்கைக்கு என்றுதான் நினைத்தேன். ஏனென்று கேட்கவில்லை. அந்தப் பாவத்தில் எனக்குப் பாதிப் பங்கு உண்டு.

வெளியீடு ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு. அண்ணி கிளினிக்குக்கு விடுப்புப் போட்டிருந்தாள். வந்ததும் வாங்குகிறேன் என்று கடையின் விருப்பப் பட்டியலில் கேமைச் சேர்த்து வைத்தவர்கள் ஐந்நூற்று அறுபது சொச்சம் பேர். அதில் பாதி முதல் மணியில் வந்தாலே முதல் பக்கம் நிச்சயம் என்று அண்ணன் கணக்குப் போட்டிருந்தான். இரவெல்லாம் தூங்காத கண்.

ஒன்பதரைக்கு நாலு பேர் வாங்கியிருந்தார்கள். பத்து மணிக்கு எட்டு.

உள்ளறையில் சத்தமே இல்லை. நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி மட்டும் நிதானமாக ஒரு நோட்டில் டிக் போட்டுக்கொண்டிருந்தாள். பத்தேகாலுக்கு அண்ணன் மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு வெளியே வந்தான். வாங்கினவர்கள் எழுதியிருந்ததை உரக்கப் படித்தான்.

"'டோக்கன் ஐந்து. சரியான நேரத்துக்கு வந்துவிட்டேனா?' 'டோக்கன் எட்டு. இரண்டு நிமிஷம் தாமதம், மன்னிக்கவும்.' என்ன டோக்கன் இது?"

"நான்தாங்க கொடுத்தேன்" என்றாள் அண்ணி, பாராட்டை எதிர்பார்த்த முகத்தோடு. "மணிக்கு எட்டுப் பேர். ஒண்ணுலேர்ந்து ரெண்டு வரைக்கும் சாப்பாட்டு நேரம். ஆறு மணிக்கு முடிச்சுடுவோம். ஒன்பது நாள்ல எல்லாரும் வந்துடுவாங்க. ஞாயித்துக்கிழமை லீவு."

"லீவா?"

"தள்ளுமுள்ளு இல்லாம இருக்கட்டும்னுதான். நீங்கதானே சொன்னீங்க, எல்லாரும் ஒரே நேரத்துல வந்து விழுந்தா தாங்காதுன்னு. மறுபடி படுத்துட்டா முதல் பக்கம் எப்படி வரும்? சில பேருக்கு அவங்க ஊர்ல ராத்திரியாம், பாவம், நேரம் மாத்திக் கொடுத்தேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதைக் கண்ணெதிரே பார்த்தேன். ஒரு வருஷம் ஒவ்வொருவராகச் சேர்த்த கூட்டத்தை, கூட்டமே சேராதபடி ஒன்பது நாளுக்குப் பிரித்து வைத்திருக்கிறாள்! யாராலும் செய்ய முடியாத காரியம். வேறு எவள் விளம்பரம் பார்த்திருந்தாலும் ஆட்கள் அவள் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கவே மாட்டார்கள். இவள் சொன்னதால் வந்தார்கள்.

"முதல் மணிக் கூட்டம்தான் எல்லாமேன்னு சொன்னேனே! காதுல விழலையா உனக்கு? இது பல் ஆஸ்பத்திரியா? இரண்டு வருஷ உழைப்பு. நீதான் கெடுத்த. நீயே கெடுத்துட்ட" என்றான் அண்ணன்.

அண்ணியின் முகத்தில் ரத்தமே இல்லை. "இப்ப எழுதிடறேங்க, எல்லாரையும் உடனே வரச் சொல்லிடறேன்" என்று போனை எடுத்தாள். எழுதினாள். ஆனால் புதன்கிழமை காலை பத்தரைக்கு யார் வருவார்கள்? வெள்ளிக்கிழமை டோக்கன்காரர் வெள்ளிக்கிழமைக்கு விடுப்புச் சொல்லி வைத்திருந்தார். லாரிக்காரர் சாலையில் இருந்தார். சாயங்காலம் வரை எழுபத்தைந்து பேர். வேறு ஏதோ ஒரு கேம் முதல் பக்கத்துக்குப் போயிற்று. அண்ணன் அன்றே அந்தக் கம்பெனிக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டான்.

மறுநாளும் ஒன்பது மணிக்கு டோக்கன்கள் வர ஆரம்பித்தன. மழை பெய்தாலும் இடி விழுந்தாலும் மணிக்கு எட்டு. இரண்டு நாள் அண்ணன் எதையும் பார்க்கவில்லை. அண்ணியோடு பேசவும் இல்லை. அவள் மட்டும் தினமும் மத்தியானம் வந்து மேசையில் உட்கார்ந்து, ஒவ்வொருவருக்கும் "வாங்க, வணக்கம்" என்று எழுதினாள். வீங்கின கண்ணோடு. "இன்னும் எதுக்கு அண்ணி?" என்றேன். "வரச் சொல்லிட்டோமேடி" என்றாள்.

மூன்றாம் நாள் லாரிக்காரர் வந்தார். அவர் எழுதினதை நான்தான் உள்ளறை வாசலில் நின்று, வேண்டுமென்றே உரக்கப் படித்தேன். "டோக்கன் நூற்று எண்பத்தெட்டு. வண்டியை ஓரமாக நிறுத்தியிருக்கிறேன். ஒன்பதாம் மாடி அம்மா எப்போதும் 'போயிட்டு வரேன்' என்பார். கடைசி நாள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிட்டாரே. அது வேண்டுமென்றே வைத்ததா?"

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அண்ணன் வெளியே வந்தான்.

"அதைக் கவனிச்சாரா?"

"கவனிச்சிருக்கார்."

"அந்த ஒரு இடத்துக்கு நான் பதினோரு நாள் மெனக்கெட்டேன்" என்றான். பிறகு அண்ணியின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, லாரிக்காரருக்கு அவனே பதில் எழுதினான்.

அதற்குப் பிறகு அவன் உள்ளே போகவில்லை. மணிக்கு எட்டுப் பேர் என்பதால் ஒவ்வொருவர் சொல்வதையும் படித்து, யோசித்து, பதில் எழுத நேரம் இருந்தது. அண்ணி கிளினிக்கில் இருக்கும் காலை வேளையில் "வாங்க, வணக்கம்" என்று அவனே எழுதினான். ஒரு ஆள் பஸ் தாமதம், நாற்பது நிமிஷம் பிந்திவிட்டது, உள்ளே விடுவீர்களா என்று கேட்டிருந்தார். அண்ணன் சிரித்தான் பாருங்கள்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். ஆனால் பெட்டியைக் கட்டுவதையும் நிறுத்தவில்லை. தேதி மாறவில்லை. முதல் பக்கம் வரவில்லை, சொன்ன சொல் சொன்னதுதான். "கெடுத்துட்ட" என்று சொன்னதை மட்டும் அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அது நடுவில் ஒரு மூட்டை மாதிரி கிடந்தது.

ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. இரவு ஏழு மணிக்கு ரயில். நாலரையோடு டோக்கன்கள் முடிந்துவிட்டன என்று நினைத்தோம். அண்ணன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அண்ணி முகம் கழுவி, தலை வாரி, முன்னறைக்கு வந்து அண்ணனுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்ன?" என்றான்.

"என் டோக்கன். கடைசி நம்பர்."

"உனக்கெதுக்கு டோக்கன்?"

"வந்தவங்க எல்லாம் முதல்ல பார்த்துட்டுப் போகட்டும்னு இருந்தேன்."

அண்ணன் கயிற்றை விட்டுவிட்டான். "நீ இதுவரைக்கும் விளையாடினதே இல்லையா?"

"இல்லங்க. துண்டு துண்டா வெட்டிப் போட்டதுதான்."

"அப்ப ஒரு வருஷமா நல்லாயிருக்கும் நல்லாயிருக்கும்னு ஊர் பூராச் சொன்னியே?"

"நீங்க செஞ்சது. நல்லாத்தானே இருக்கும்" என்றாள் அண்ணி, இதிலென்ன சந்தேகம் என்பதுபோல.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றான். அவள் "உஸ், யாரோ ஏறுறாங்க" என்றாள். ஆனால் இடது கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் மட்டும் லிஃப்டை ஓட்டினாள்.

மெதுவாக விளையாடினாள். ஏறுகிறவர்கள் எல்லோரும் பேசி முடிக்கும்வரை காத்திருந்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். ஆறு மணிக்குக் கிளம்பினால்தான் ரயிலைப் பிடிக்க முடியும். ஆறு ஆயிற்று, அவள் எட்டாம் மாடியில் இருந்தாள். அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். ஆறரை ஆயிற்று. ஒன்பதாம் மாடி அம்மா ஒன்றும் சொல்லாமல் இறங்கினபோது அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.

அந்த ரயிலை விட்டவன், சனிக்கிழமை இடம் கிடைக்காமல், ஞாயிற்றுக்கிழமை இரவெல்லாம் நின்றுகொண்டே போய், திங்கட்கிழமை காலை பெட்டியும் கையுமாக நேராக அலுவலகத்தில் போய் நின்றான். இரண்டு மாதத்தில் அண்ணியும் அந்த ஊருக்குப் போய்விட்டாள். அங்கேயும் ஒரு கிளினிக், ஒரு முன்மேசை. வாரம் தவறாமல் போன் செய்கிறாள். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகம் வாடுகிறதா என்று நான் கேட்பதில்லை. எனக்கு இங்கே எரிமலையும் அமீபாவும்தான். அவர்கள் இல்லாமல் இந்த ஊர் எனக்குப் பிடிக்கவில்லை, சொன்னால் என்ன வெட்கம்?

அந்த வெள்ளிக்கிழமை ஏழேகால் இருக்கும். தூரத்தில் ரயில் கூவின சத்தம் எங்கள் மூன்று பேர் காதிலும் விழுந்தது. ஊரையே நிமிஷம் தவறாமல் வரவழைத்த என் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"மணி என்னங்க?"

"அஞ்சே முக்கால்" என்றான் அண்ணன்.

"அப்ப நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அண்ணி லிஃப்டைப் பன்னிரண்டாம் மாடிக்கு ஏற்றினாள்.